டாக்டரய்யா ஏன் மறுபடியும் படிக்க வேண்டும்?

வேதபாடம்: அப்போஸ்தலர் 18:24-28, யாத்திராகமம் 18:13-26



சென்ற ஆண்டின் வரவு செலவுக் கணக்கை இம்மடலில் வெளியிட்டபோது, செலவுப் பக்கத்தில் "மருத்துவர் மேற்பயிற்சி" என்று ஒரு வரி இருந்தது. அதைக் குறித்து நமக்கு மூன்று கடிதங்கள் வந்தன. இரண்டு கடிதங்கள் மரியாதையாக விளக்கம் கேட்டன. மூன்றாவது கடிதம் நெய்வேலியிலிருந்து ஒரு மூத்த சகோதரர் எழுதியது. அவர் சுற்றி வளைக்கவில்லை. "எம்.பி.பி.எஸ். முடித்தவரைத்தானே வேலைக்கு எடுத்தீர்கள்? படித்தவரை மறுபடியும் படிக்க வைக்க எங்கள் காணிக்கைப் பணம் எதற்கு? அந்தப் பணத்தில் ஒரு ஸ்கேன் மெஷினுக்கு முன்பணம் கட்டியிருக்கலாமே" என்று கேட்டிருந்தார். காணிக்கை கொடுக்கிறவர் இப்படிக் கேட்பதே முறை. கேட்காமல் கொடுக்கிறவர்கள் சில ஆண்டுகளில் கொடுப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள் என்பது நம் அனுபவம். ஆகவே இம்மாத வேதபாடத்தை இந்தக் கேள்விக்கென்றே எடுத்துக்கொண்டோம்.

முதலாவது அப்பொல்லோவைப் பார்ப்போம். அவர் அலெக்சந்திரியா பட்டணத்தார். அக்காலத்தில் கல்விக்குப் பேர்போன ஊர் அது. மருத்துவக் கல்விக்கும் அதுவே தலைமை இடம். அப்பொல்லோ பேச்சு வன்மை உடையவர், வேதவாக்கியங்களில் தேறினவர், ஆவியில் அனல் உள்ளவர் என்று லூக்கா எழுதுகிறார். இத்தனை இருந்தும் யோவான் கொடுத்த ஸ்நானத்தோடு அவருடைய அறிவு நின்றிருந்தது. அவர் சொன்னதில் பிழை இல்லை. அதற்குப் பின் நடந்தவை அவருக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். எபேசுவில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவர் பேசியதைக் கேட்டார்கள். சபை நடுவே எழுந்து திருத்தவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தி, போய்ப் பல வருடம் படித்துவிட்டு வா என்று எருசலேமுக்கு அனுப்பவும் இல்லை. தங்களோடு அழைத்துக்கொண்டு போய், அதிக திட்டமாய் விளங்கும்படி சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பிறகு அவர் அகாயாவுக்குப் போய் அங்குள்ள விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாக இருந்தார்.

இங்கே இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். கற்றுக்கொடுத்தவர்கள் கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள். கற்றுக்கொண்டவரோ அலெக்சந்திரியாவின் கல்விமான். மேலும், மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இந்த இடத்தில் பிரிஸ்கில்லாளின் பெயரே முதலில் வருகிறது. நமது வார்டில் இருபது வருடம் பிரசவம் பார்த்த நர்ஸ் அக்காமாரிடம் இளம் டாக்டர்கள் கற்றுக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பகுதி நம் நினைவுக்கு வருவதுண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம். 1995-ல் பட்டம் பெற்ற ஒரு நல்ல டாக்டர், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு சிற்றூரில் கிளினிக் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் படித்ததை மறக்கவில்லை. மனசாட்சியோடு வைத்தியம் பார்க்கிறார். அவருக்கும் அப்பொல்லோவுக்கு நேர்ந்ததே நேர்ந்திருக்கும். அவர் படித்து முடித்த பிறகு எத்தனையோ நடந்துவிட்டன.

உண்ணிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். ஸ்கரப் டைபஸ் என்று டாக்டர்கள் சொல்வார்கள். புதர், வயல்வரப்பு, விறகுக் கட்டு ஆகிய இடங்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி கடிப்பதால் வருவது. மழைக்காலத்துக்குப் பின் குளிர் மாதங்களில் நம் பக்கத்தில் அதிகம். வெகு காலம் இது ஏதோ யுத்த காலத்து நோய், பாடப்புத்தகத்தின் பின்பக்கத்து நோய் என்று எண்ணப்பட்டது. கல்லூரியில் ஒரு வரியில் படித்ததோடு சரி. காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி என்று தொடங்கும். டைபாய்டு என்றோ வைரல் என்றோ நினைக்கத் தோன்றும். வழக்கமாகப் போடுகிற பெனிசிலின் வகை ஊசிகளும், அதைவிட விலை உயர்ந்த ஊசிகளும் இதற்குக் கேட்காது. பத்தாவது நாளில் மூச்சுத் திணறல், சிறுநீரகம் பழுது, நினைவு தப்புதல் என்று போய்விடும். ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரை போதும். ஒரு மாத்திரை ஒரு டீயின் விலைகூட இல்லை.

கண்டுபிடிப்பது எப்படி? பலருக்கு, உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குளில், தொடை இடுக்கில், மார்பின் கீழ், இடுப்பில் ஒளிந்திருக்கும். தேடினால்தான் கிடைக்கும்.

புவனகிரிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளியின் மனைவி ஒன்பது நாள் காய்ச்சலோடு நம்மிடம் வந்தார். அதற்குள் மூன்று இடங்களில் ஊசி போட்டாயிற்று, குளுக்கோஸ் ஏற்றியாயிற்று, தோடு அடகுக்குப் போயாயிற்று. நம் டாக்டரம்மா அப்போது குடும்ப மருத்துவப் பயிற்சியில் முதல் ஆண்டில் இருந்தார். திரையை இழுத்துவிட்டு, நர்ஸை உடன் வைத்துக்கொண்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் அந்தக் கருப்புப் பொருக்கு இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று. "எத்தனையோ பேர் என் நாடியைப் பார்த்தாங்க, நாடாவை யாரும் பார்க்கலையே" என்று அந்த அம்மாள் சிரித்ததை நர்ஸுகள் இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு எந்த மெஷினும் தேவைப்படவில்லை என்பதை நெய்வேலிச் சகோதரருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

இந்த நோயைப் பற்றிய அறிவு இன்னும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் ஏறத்தாழ 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று அது காட்டிற்று. 2022-ல் பட்டம் பெற்றவர்கூட இதைக் கல்லூரியில் படித்திருக்க முடியாது.

பாம்புக் கடியும் அப்படியே. நம் மாவட்டம் நெல்லும் கரும்பும் முந்திரியும் விளைகிற மண்; பாம்பும் உண்டு. கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டு, கீறி இரத்தத்தை வெளியேற்று என்பதெல்லாம் ஒரு காலத்தில் முதலுதவிப் பாடம். இன்று அவை கூடாது. தரையில் படுத்து உறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். கடித்த தடம் ஒன்றும் தெரியாது. வாயுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பினால், சற்று நேரத்தில் கண் இமை தொங்கி, மூச்சு நின்றுவிடும். கட்டுவிரியன் கடி அப்படிப்பட்டது. இதைத் தெரிந்த டாக்டர் வயிற்றைத் தொடும்போதே இமையையும் பார்ப்பார். விரியன் கடியில் இரத்தம் உறைகிறதா என்று அறிய, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்று போதும்: சிறிது இரத்தத்தை எடுத்து அதில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பது. காட்டுமன்னார்கோவிலில் இருக்கும் கிளினிக்கிலும் இதைச் செய்யலாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்குக்கும் சேர்த்த விஷமுறிவு மருந்து நம் நாட்டில் தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷத்தை 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்கு அருகிலிருந்து எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறது. மருந்தும் உண்டு, பரிசோதனையும் உண்டு. இடையில் அறிந்த டாக்டர் ஒருவர் இல்லாவிட்டால் இரண்டும் பயனற்றுப் போகின்றன.

சர்க்கரை வியாதியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இதை வாசிக்கிறவர்களில் அநேகருடைய வீட்டில் அது இருக்கிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. இவ்வளவு பேரையும் சர்க்கரை ஸ்பெஷலிஸ்ட் பார்க்க முடியுமா? முடியாது. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று ஒரு நைலான் இழையால் தொட்டுப் பார்த்து, காலை வெட்ட வேண்டிய நிலை வருமுன் தடுக்கிறவர் தெருமுனை டாக்டர்தான்.

இனி இரண்டாவது வேதபகுதி. வனாந்தரத்தில் மோசே காலை முதல் மாலை வரை உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்க்கிறார். ஜனங்களும் காலை முதல் மாலை வரை நிற்கிறார்கள். மாமனாகிய எத்திரோ வந்து பார்த்து, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்கிறார். நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள். திறமையுள்ளவர்களைத் தெரிந்தெடுத்து, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று ஏற்படுத்தும்; சிறிய காரியங்களை அவர்களே தீர்க்கட்டும், பெரிய காரியங்கள் மாத்திரம் உம்மிடம் வரட்டும் என்று ஆலோசனை சொல்கிறார். இதில் ஒரு வரியைப் பலர் கவனிப்பதில்லை. தெரிந்தெடுப்பதற்கு முன்னே, நடக்க வேண்டிய வழியையும் செய்ய வேண்டிய காரியத்தையும் மோசே போதிக்க வேண்டும் என்றும் எத்திரோ சொல்கிறார். போதியாமல் பொறுப்பை மட்டும் பிரித்துக் கொடுத்தால், பத்துப் பேருக்குத் தலைவன் எல்லாவற்றையும் "பெரிய காரியம்" என்று சொல்லி மேலே தள்ளிவிடுவான்.

நம் மாவட்டத்தில் நடப்பது அதுதான். கிள்ளையிலோ பரங்கிப்பேட்டையிலோ ஒருவருக்கு நெஞ்சு படபடக்கிறது. அருகிலுள்ள டாக்டருக்கு நிச்சயமில்லை. "எதற்கும் பாண்டிச்சேரிக்குப் போய்விடுங்கள்" என்கிறார். ஜிப்மரில் வைத்தியம் சிறந்தது, ஏழைகளுக்குச் செலவும் கிடையாது. ஆனால் போய்ச் சேர வேண்டுமே! சிதம்பரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கடலூர் வழியாகப் பாண்டிச்சேரிக்கு இன்னொரு பஸ். சீட்டுப் போட விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டும். கூட ஒருவர் போக வேண்டும். இருவருக்கும் கூலி போயிற்று. பரிசோதனை முடிவு வாங்க மறுபடி ஒரு நாள். கடைசியில் படபடப்புக்குக் காரணம் இரத்தசோகை என்று தெரிந்து இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். அதே நேரத்தில், உண்மையாகவே இருதய அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர் அதே வரிசையில் பின்னால் நின்றுகொண்டிருப்பார். எத்திரோ சொன்ன இரட்டைத் தளர்ச்சி இதுவே.

அநேக வைத்தியர்களிடம் போய், தனக்கு உண்டானதையெல்லாம் செலவழித்தும் பயன் அடையாத பெரும்பாடுள்ள ஸ்திரீயை நாம் அறிவோம். அவளுடைய நிலை அதிகக் கேடாயிற்று என்று மாற்கு எழுதுகிறார். வைத்தியராகிய லூக்கா அந்த ஒரு பகுதியை விட்டுவிட்டு, ஒருவராலும் குணமாக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லிக் கடந்து போகிறார். சக வைத்தியர்களுக்காக அவர் காட்டிய தயவு என்று நம் இறையியல் கல்லூரி ஆசிரியர் வேடிக்கையாகச் சொல்வார்.

முற்காலத்தில் நம் சிற்றூர்களில் டாக்டர் இல்லாமல் இல்லை. எல்.எம்.பி. டாக்டர்களை மூத்த வாசகர்கள் நினைவுகூருவார்கள். பாட்டிலில் கலர் மிக்ஸ்சரும், அளவு காட்ட பல்பல்லாய் வெட்டி ஒட்டிய காகிதமும், உள்ளே கம்பவுண்டரும்! 1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கையின்படி அன்றைய இந்தியாவில் பதிவு பெற்ற ஏறத்தாழ 47,500 மருத்துவர்களில் 30,000 பேர் அளவில் இந்த லைசென்சியேட் வகையினரே. அந்தக் கமிட்டி, இனி எல்லோரும் பட்டதாரி மருத்துவராகவே பயில வேண்டும் என்று பெரும்பான்மையாக முடிவு சொன்னது. தரம் உயர்ந்தது, உண்மை. ஆனால் பட்டம் பெற்றவர் மேற்பட்டம் தேடினார். மேற்பட்டம் பெற்றவர் பட்டணம் தேடினார். "வெறும் எம்.பி.பி.எஸ்." என்ற சொல் அப்போதுதான் பிறந்திருக்க வேண்டும். குடும்பத்தையே அறிந்து வைத்தியம் பார்ப்பது தனியே கற்கவேண்டிய ஒரு கலை என்பதை நம் கல்லூரிகள் வெகு காலம் ஒத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனில் பொது மருத்துவர்களுக்கென்று 1952-லேயே ஒரு கல்லூரி அமைந்தது. இங்கே இந்திய மருத்துவச் சங்கம் 1963-ல் அதற்கொரு பிரிவைத் தொடங்கியது என்றாலும், குடும்ப மருத்துவம் ஒரு சிறப்புத் துறையாக மதிக்கப்படத் தொடங்கியது சமீப காலத்தில்தான்.

டாக்டருக்குப் படிப்பையும் கொடுக்க வேண்டும், அவரைக் கிராமத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற இந்த இழுபறி புதிதல்ல. மிஷனெரி வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மறு ஆண்டிலிருந்து இளைஞருக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். ஆரம்பத்தில் ஆங்கிலத்தில்தான் பாடம். படித்து முடித்தவர்கள் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க வேலையைத் தேடிப் போனார்கள். கிராமம் பழையபடியே இருந்தது. 1860-களில் கிரீன் ஐயர் பயிற்சி மொழியைத் தமிழுக்கு மாற்றினார். புத்தகம் வேண்டுமே! அதையும் தாமே மாணவர் துணையோடு செய்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று வரிசையாக நூல்கள் வெளிவந்தன. உடல் நலம் குன்றி 1873-ல் அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகும், 1884-ல் மரிக்கும் வரை தமிழ்ப் புத்தக வேலையை விடவில்லை. அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். தமிழில் கற்றவர்கள் ஊரிலேயே தங்கி, குடும்பங்களின் வைத்தியர்களாக வாழ்ந்தார்கள். அக்காலத்திலும் காணிக்கையாளர்களில் சிலர், பிரசங்கம் பண்ண அனுப்பியவர் இரசாயனப் புத்தகம் மொழிபெயர்க்கிறாரே என்று நினைத்திருக்கக்கூடும்.

அதே யாழ்ப்பாணத்தில் 1819-ல் வந்து இறங்கிய வைத்திய மிஷனெரி ஜான் ஸ்கடரின் பேத்திதான் நம் ஐடா ஸ்கடர் அம்மையார். 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கினார். குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் வண்டியை நிறுத்தி மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். தாம் ஒருவர் எத்தனை ஊருக்கு ஓடினாலும் போதாது என்று கண்டு, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அந்தப் பள்ளி தொடக்கத்தில் எல்.எம்.பி. டாக்டர்களைத்தான் உருவாக்கிற்று என்பதைப் பலர் அறியார்.

அந்தப் பள்ளி வளர்ந்து உருவான வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. ஏற்கெனவே கிளினிக் நடத்துகிற எம்.பி.பி.எஸ். டாக்டர்கள், கிளினிக்கை மூடாமலே இரண்டு வருடம் தொலைநிலைக் கல்வியாகக் குடும்ப மருத்துவம் படிக்கலாம். குறைவாக மேலே அனுப்பு, அதிகமாக இங்கேயே தீர் என்பதே அதன் முழக்கம். எத்திரோ கேட்டிருந்தால் ஆமென் சொல்லியிருப்பார். தாமே படிக்கும் பாடநூல்கள் வருகின்றன. பாடங்கள் நோயின் பெயரில் தொடங்காமல், நோயாளி வந்து சொல்லுகிற விதமாகவே தொடங்குகின்றன: தலை சுற்றுகிறது, முதுகு வலிக்கிறது, குழந்தை சாப்பிடவில்லை என்று. வீடியோ வழியாக ஆசிரியர்கள் பேசுகிறார்கள். இடையிடையே சில நாட்கள் நேர்முக வகுப்பு. அதற்கு ஆங்காங்குள்ள மிஷன் மருத்துவமனைகளே வகுப்பறையாகின்றன. ஆக்கில்லாவின் வீட்டுத் திண்ணை போல என்று சொல்லலாம். இது எம்.டி. பட்டத்துக்கு ஈடல்ல, பெயர்ப் பலகையில் பெரிதாகப் போட்டுக்கொள்ளவும் உதவாது. படிக்கிறவர்கள் அதைத் தெரிந்தே படிக்கிறார்கள்.

தபாலில் படிப்பதா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. சிதம்பரத்தார் அப்படிச் சுளிக்க மாட்டார்கள். 1979 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியால் பட்டம் பெற்ற ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் நம் சபைகளில் எத்தனை பேர்!

இன்னொரு பயிற்சியும் உண்டு. சபைகளின் பரிந்துரையால் வேலூரில் படிக்கும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் மிஷன் மருத்துவமனையில் இரண்டு வருடம் சேவை செய்யக் கடமைப்பட்டவர்கள். இருபத்துநாலு, இருபத்தைந்து வயதுப் பிள்ளை, மூத்த டாக்டர் எவரும் அருகில் இல்லாத ஊரில், நள்ளிரவில் வலிப்பு வந்த கர்ப்பிணியின் முன் நிற்கிறது. எத்தனையோ பேர் அந்தப் பயத்தினாலேயே கடமைக் காலம் முடிந்த மறுநாள் பெட்டியைக் கட்டினார்கள். அப்படிப்பட்டவர்களுக்கென்று, வேலை செய்யும் இடத்திலேயே இருந்து ஓராண்டு பயிலும் ஃபெலோஷிப் ஒன்றையும் வேலூரார் ஏற்படுத்தினார்கள். தனித்து விடப்பட்ட பிள்ளைக்குத் தொலைபேசியில் கூப்பிட ஒரு ஆசிரியர் இருக்கிறார் என்பதே பாதி மருந்து.

டாக்டர்கள் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லுகிறது. மருத்துவ ஒழுங்குமுறை பற்றிய 2002-ஆம் ஆண்டு விதிகள், ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரமாவது தொடர் கல்வி பெற வேண்டும் என்றன. கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஆறு மணி நேரம். அதையும் மருந்துக் கம்பெனி செலவில், குளிர்சாதன மண்டபத்தில், பிரியாணிக்கு முன் ஒன்று பின் ஒன்று என இரண்டு சொற்பொழிவுகளாகக் கேட்டு முடிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கம்பெனி சோறு போட்டதோ அந்தக் கம்பெனி மாத்திரையே மறுவாரம் சீட்டில் வருவதை மருந்துக் கடைக்காரத் தம்பிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மிஷன் மருத்துவமனை டாக்டரின் படிப்புக்குக் காணிக்கைப் பணம் செல்வது ஏன் என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்: நீங்கள் கொடுக்காவிட்டால் வேறு யாராவது கொடுப்பார்கள், அதற்குரிய கைம்மாறு நோயாளியின் சீட்டில் எழுதப்படும்.

நம் கடற்கரை கண்டதையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை அலை ஏறியது; இம்மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முதல் வாரத்தில் எங்கெங்கிருந்தோ டாக்டர்கள் வந்து காயங்களைக் கட்டினார்கள், தேவனுக்கு ஸ்தோத்திரம். மாதங்கள் சென்றபின் தலைவலி, நெஞ்செரிச்சல், கை கால் மரப்பு என்று தாய்மார்கள் வரத் தொடங்கினார்கள். பரிசோதனையில் ஒன்றும் இராது. "எத்தனை பிள்ளைகள் அம்மா?" என்று கேட்கும்போதுதான் காரணம் வெளிவரும். அந்தக் கேள்வியை எப்போது கேட்பது, கேட்டபின் எவ்வளவு நேரம் பேசாதிருப்பது, எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்புவது என்பவை குடும்ப மருத்துவத்தின் பாடங்கள். 2011 டிசம்பரில் தானே புயல், 2015-ல் வெள்ளம் என்று இந்த மண்ணுக்கு அந்தப் பாடம் அடிக்கடி தேவைப்படுகிறது.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை என்பதை நன்றியோடு சொல்வோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே சென்றன. சிதம்பரத்தில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, பின்னர் அரசின் சுகாதாரத் துறையின்கீழ் வந்து நம் மாவட்டத்துக்குரிய அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. அப்படியானால் நம் சிறு மருத்துவமனை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. மாத்திரை வாசலுக்கு வந்துவிடும். அதை ஆச்சி ஏன் மூன்று வாரமாய் விழுங்காமல் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள் என்று கேட்க, அவளுடைய மருமகளையும் பேரனையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

நெய்வேலிச் சகோதரருக்கு நாம் பதில் எழுதினோம். ஸ்கேன் மெஷின் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் வேண்டும். ஆனால் மெஷினுக்குக் கொடுப்பவருக்குப் பளிங்குக் கல்லில் பெயர் பொறிக்க இடம் உண்டு. டாக்டரின் படிப்புக்குக் கொடுப்பவருக்கு அப்படி ஒரு கல் கிடையாது. இந்தக் குறைக்கு நம்மிடம் மருந்தில்லை என்றும் எழுதினோம். அவர் இன்னும் பதில் போடவில்லை. ஆனால் அடுத்த மாதக் காணிக்கை வழக்கம்போல் வந்தது.

இந்த ஆண்டு இன்னும் ஒரு இளம் டாக்டரைப் பயிற்சியில் சேர்க்க எண்ணியிருக்கிறோம். கல்விக் கட்டணமும் பயணச் செலவும் ஒருவாறு கிடைத்துவிடும். கடினமானது வேறு: அவர் நேர்முக வகுப்புக்குப் போகும் நாட்களில் புறநோயாளிகளை யார் பார்ப்பது? திங்களும் வியாழனும் நம் வராந்தாவில் உட்கார இடம் இராது என்பது வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நெய்வேலியிலும் புதுச்சேரியிலும் கடலூரிலும் ஓய்வு பெற்ற மருத்துவர்கள் நம் வாசகர்களில் இருக்கிறீர்கள். ஒரு வாரம், அல்லது மூன்று நாள் வந்து அந்த நாற்காலியில் உட்கார மனமுள்ளவர்கள் நமக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். தங்குவதற்கு விருந்தினர் அறை இருக்கிறது. சென்ற முறை வந்த டாக்டரம்மா குறை சொன்ன மின்விசிறியை மாற்றிவிட்டோம்.